பத்து நாள்களாக அசையாத சாய்வும் அடியில் உதிரும் படிகங்களும்: சோதனைக் குழியை எவ்வளவு நம்பலாம்?

வடமுகம் எழுதியது:

இந்தக் குளிர்காலத்துப் பனி அடுக்குகளைப் பற்றி எங்கள் குழுவுக்குள் ஒருமித்த கருத்து ஏற்படாததால் இங்கே கேட்கிறேன். அக்டோபர் இறுதியில் விழுந்த முதற்பனி, வடக்கும் வடகிழக்கும் நோக்கிய சாய்வுகளில் 40 சென்டிமீட்டர் அளவுக்கு உருகாமல் தங்கிவிட்டது. அதன்பின் ஆறு வாரங்களுக்கு வானம் தெளிவாகவும் இரவுகள் கடுங்குளிராகவும் இருந்தன. சொல்லும்படியாகப் புதுப்பனி விழவில்லை. டிசம்பர் நடுவில் வந்த புயல் மூன்று நாள்களில் 70 செ.மீ. பனியைக் கொட்டியது. பலத்த மேற்குக் காற்றும் உடன் வீசியது. புயலின்போதும் அதற்கு மறுநாளும் பல இடங்களில் பனிச்சரிவுகள் தாமாகவே இறங்கின. அதற்குப் பிறகு பத்து நாள்களாக எந்த அசைவும் இல்லை. பனிச்சரிவு எச்சரிக்கை அறிக்கையில் அபாய நிலை 4-லிருந்து 3-க்கு இறங்கியிருக்கிறது.

நாங்கள் ஸ்கீயில் இறங்க விரும்புவது வடகிழக்கு நோக்கிய ஒரு கிண்ண வடிவச் சாய்வு. அதன் நடுப்பகுதி 35 முதல் 38 பாகை வரை இருக்கும். அதன் ஓரத்தில் நேற்று குழி தோண்டிப் பார்த்தோம். மொத்த ஆழம் 90 செ.மீ. அடியில் 30 செ.மீ. அளவுக்குக் கையில் அள்ளினால் சர்க்கரைபோல் உதிரும் பெரிய படிகங்கள் கிடந்தன. அதற்கு மேலே இருந்தது நன்றாக இறுகிய பாளம். நீள்தூண் சோதனையில் (பனியை அகலமான தூணாக வெட்டி, ஒரு முனையில் தட்டிப் பார்ப்பது) 26-ஆம் தட்டலில் விரிசல் விழுந்தாலும் அது தூணின் மறுமுனை வரை பரவவில்லை. இந்தச் சாய்வு எங்களுக்கு நன்கு பழக்கமானதுதான். பத்து நாள் அமைதி, இறங்கிய அபாய நிலை, பரவாத விரிசல் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் போகலாம் என்று குழுவில் இருவர் சொல்கிறார்கள். உங்கள் கருத்து என்ன?

அடுக்குமானி எழுதியது:

நீங்கள் கொடுத்த விவரங்களில் எனக்கு முதன்மையாகத் தெரிவது அந்த 30 செ.மீ. படிகங்கள்தான். மற்றவை எல்லாம் அதற்குப் பிறகு வருபவை. ஆகவே அவை எப்படி உருவாயின என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

நிலத்தை ஒட்டிய பனி, பூமியின் வெப்பத்தால் பெரும்பாலும் 0 டிகிரி செல்சியஸுக்கு அருகிலேயே இருக்கும். பனியின் மேற்பரப்போ, தெளிந்த இரவில் தன் வெப்பத்தை வானத்துக்கு இழந்து, காற்றைவிடவும் குளிர்ந்துவிடும். மேற்பரப்பு மைனஸ் 16 டிகிரிக்கு இறங்கியதாக வைத்துக்கொள்வோம். உங்கள் 40 செ.மீ. பனிக்குள் ஒவ்வொரு 10 செ.மீ.க்கும் 4 டிகிரி வேறுபாடு இருந்திருக்கும். 10 செ.மீ.க்கு ஏறக்குறைய 1 டிகிரியைத் தாண்டினாலே பனித்துகள்கள் ஒன்றோடொன்று பிணைவதை விட்டுவிட்டு வேறு வழியில் வளரத் தொடங்குகின்றன. கீழிருந்து மேலேறும் நீராவி, துகள்களின் அடிப்பக்கத்தில் படிந்து உறைந்து, கோணமும் தட்டையான முகங்களும் கொண்ட படிகங்களை உண்டாக்குகிறது. நாள் செல்லச் செல்ல அவை பல மில்லிமீட்டர் அளவுள்ள, வரிகள் விழுந்த, உள்ளே குழிந்த கோப்பை வடிவப் படிகங்களாகின்றன. டெப்த் ஹோர் என்று அறிக்கைகளில் வருவது இதுதான். படிகம் பெரிதாகும்போது அதற்கும் அண்டைப் படிகத்துக்கும் உள்ள தொடுபுள்ளிகள் குறைகின்றன. எனவே அடுக்கின் வலுவும் குறைகிறது.

இதற்கு நேர்மாறான நிலையையும் எண்ணிப் பாருங்கள். அதே காலத்தில் 2 மீட்டர் பனி கிடந்து, மேற்பரப்பு மைனஸ் 10 டிகிரியாக இருந்திருந்தால் வேறுபாடு 10 செ.மீ.க்கு அரை டிகிரிதான். துகள்கள் உருண்டு, பிணைந்து, பனி வலுப்பெற்றிருக்கும். பனி நிறைய விழுந்த ஆண்டுதான் ஆபத்தான ஆண்டு என்று பலரும் நினைக்கிறார்கள். குறைவாக விழுந்து குளிரில் நெடுநாள் கிடந்த பனிதான் பிந்தைய மாதங்களுக்குத் தொல்லையைச் சேர்த்து வைக்கிறது.

உங்கள் சாய்வில் மெல்லிய, வலுவற்ற அடித்தளம் இருக்கிறது. அதன்மேல் காற்று கொண்டுவந்து இறுக்கிய பாளம் இருக்கிறது. சாய்வு 30 பாகையைத் தாண்டுகிறது. பாளப் பனிச்சரிவுக்குத் தேவையானவற்றில் மிச்சமிருப்பது ஒரு தூண்டுதல் மட்டுமே. விபத்தில் சிக்கியவர்களில் பத்தில் ஒன்பது பேரைப் பொறுத்தவரை, அந்தத் தூண்டுதல் அவர்களோ அவர்கள் குழுவைச் சேர்ந்த ஒருவரோதான்.

சாரல் எழுதியது:

ஒரு ஐயம். புதுப்பனி விழுந்த இரண்டு மூன்று நாள்களில் நிலைமை சீராகிவிடும் என்று எங்கள் பயிற்சியில் சொன்னார்கள். பத்து நாள்கள் போதாதா?

அடுக்குமானி எழுதியது:

புதுப்பனிக்குள்ளேயே இருக்கும் பலவீனத்துக்கு அந்தக் கணக்கு பொருந்தும். விழுந்த பனி அமிழ்ந்து, துகள்கள் பிணைந்து, சில நாள்களில் அந்த வகை ஆபத்து தணிந்துவிடும். காற்றுப் பாளமும் பெரும்பாலும் சில நாள்களில் அல்லது ஒரு வாரத்தில் அடங்கும். ஆனால் கோணப் படிகங்கள், பனிக்குள் புதைந்துபோன மேற்பரப்பு உறைபனி, உறைபொருக்கின்மேல் (உருகி மீண்டும் உறைந்த கெட்டி ஓடு) வளர்ந்த படிகங்கள் ஆகியவை வேறு இனத்தைச் சேர்ந்தவை. ஐரோப்பிய அறிக்கைகள் பனிச்சரிவுச் சிக்கல்களை ஐந்தாகப் பிரிக்கும்போது, புதுப்பனி, காற்றடித்த பனி, ஈரப்பனி, வழுக்குப் பனி ஆகியவற்றோடு நீடிக்கும் பலவீன அடுக்கைத் தனியாக வைத்திருப்பது அதனால்தான். இவை வாரக்கணக்கில் நீடிக்கும். நிலத்தை ஒட்டிய டெப்த் ஹோர் பல இடங்களில் வசந்தம் வரையிலும்கூட மறைவதில்லை. இடையில் உறங்குவதுபோல் இருந்து, அடுத்த பெரும்பனியின் சுமை விழும்போதோ, உருகுநீர் கீழிறங்கும்போதோ விழித்துக்கொள்ளும்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பத்து நாள்களில் மேலிருக்கும் பாளம் இறுகியிருக்கிறது என்பதை வடமுகமே குறிப்பிட்டிருக்கிறார். பாளம் இறுகுவதை நல்ல அடையாளமாக மட்டும் கொள்ளக் கூடாது. தளர்ந்த பனியில் விழுந்த விரிசல் சிறிது தூரத்தில் நின்றுவிடும். இறுகிய பாளத்தில் அது நெடுந்தூரம் ஓடும். தூண்டுவது முன்பைவிடக் கடினமாகியிருக்கலாம். தூண்டப்பட்டால் இறங்குவது முன்பைவிடப் பெரிதாக இருக்கும்.

நெடுமுகடு எழுதியது:

அடுக்குமானி அவர்களின் விளக்கத்தில் குறை காண்பதற்கு எதுவும் இல்லை. ஆனாலும் அவர் செல்லும் திசையை நான் ஏற்கவில்லை. அடியில் கோணப் படிகங்கள் இருக்கின்றன என்பதற்காகவே ஒவ்வொரு சாய்வையும் விலக்குவதென்றால், பனி குறைவாகவும் குளிர் கடுமையாகவும் உள்ள உள்நாட்டு மலைத்தொடர்களில் குளிர்காலம் முழுவதும் யாரும் எங்கும் செல்ல முடியாது. சோதனைகள் எதற்காக வகுக்கப்பட்டன?

பழைய அமுக்கச் சோதனை 30 செ.மீ. சதுரத் தூணில் மணிக்கட்டிலிருந்து பத்து, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து பத்து எனத் தட்டிப் பார்ப்பது. விரிசல் எப்போது தொடங்குகிறது என்பதை மட்டுமே அது காட்டியது. அந்தக் குறையைப் போக்கத்தான் சைமன்ஹாய்ஸ், பர்க்லேண்ட் ஆகிய இருவரும் 2006-ல் 90 செ.மீ. அகலமுள்ள நீள்தூண் சோதனையை முன்வைத்தார்கள். ஒரு முனையில் தட்டினால் விரிசல் மறுமுனைக்குப் பரவுகிறதா என்பதே அதில் கேள்வி. வடமுகம் செய்த சோதனையில் அது பரவவில்லை. இதை ஒரு தகவலாகவே மதிக்கவில்லை என்றால், குழி தோண்டும் நேரத்தை வீணடிக்காமல் வீட்டிலேயே இருந்துவிடலாம்.

அடுக்குமானி எழுதியது:

தகவலாக மதிக்கிறேன். அதன் எடை இரு பக்கமும் ஒன்றாக இல்லை என்பதே என் வாதம். விரிசல் பரவியிருந்தால் அந்த ஒரு முடிவு போதும், சாய்வை விட்டுவிட வேண்டும். பரவாத முடிவுக்கோ, போகலாம் என்று அனுமதி கொடுக்கும் தகுதி கிடையாது. சோதனை தடை சொல்லலாம். அனுமதி தர அதற்கு அதிகாரம் இல்லை. இதற்கு மூன்று காரணங்கள் உள்ளன.

முதலாவது, இடத்துக்கு இடம் பனி மாறுவது. வடமுகம் தட்டிய தூண் ஒரு சதுர மீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. கிண்ணமோ பல்லாயிரம் சதுர மீட்டர். பாறை தலைதூக்கும் இடத்திலும், முகட்டு விளிம்பிலும், குவிந்த வளைவிலும் பாளம் மெலிந்திருக்கும், பள்ளத்தில் தடித்திருக்கும். ஸ்கீயில் செல்பவரின் எடை கீழே போகப் போகப் பரந்து குறைந்துவிடுவதால், 60 செ.மீ. பாளத்துக்கு அடியில் உள்ள படிகத்தை அவரால் உடைக்க முடியாமல் போகலாம், 25 செ.மீ. பாளம் உள்ள இடத்தில் எளிதில் உடைத்துவிடுவார். அங்கே தொடங்கும் விரிசல், 60 செ.மீ. பாளம் இருக்கும் பகுதியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வரும். ஐந்தாவதாகவோ பத்தாவதாகவோ இறங்கியவர் சாய்வை உடைத்த நிகழ்வுகள் அறிக்கைகளில் திரும்பத் திரும்ப வருவதற்கு இதுவே காரணம். முன்னே சென்றவர்கள் மெலிந்த புள்ளியை மிதிக்கவில்லை. வேறொன்றும் அதிலிருந்து தெரியவில்லை.

இரண்டாவது, குழி தோண்டப்பட்ட இடம். ஓரத்தில் தோண்டினோம் என்கிறார். பாதுகாப்பு கருதி அப்படித்தான் தோண்ட வேண்டும், அதில் தவறில்லை. ஆனால் காற்று பனியைக் கொண்டுசேர்த்த நடுப்பகுதியின் பாளத்துக்கும் ஓரத்துப் பாளத்துக்கும் உள்ள வேறுபாடு அந்தச் சோதனையில் தெரியாது.

மூன்றாவது, ஆழமான அடுக்குகளை மேலிருந்து தட்டிச் சோதிப்பதில் உள்ள வரம்பு. பலவீன அடுக்கு ஆழத்தில் இருக்கும்போது அறுப்புச் சோதனை கூடுதலாக உதவும். 30 செ.மீ. அகலமும் சாய்வின் திசையில் ஒரு மீட்டர் நீளமும் கொண்ட தூணில், பலவீன அடுக்கை ரம்பத்தின் மழுங்கிய விளிம்பால் மேல்நோக்கி அறுத்துச் செல்ல வேண்டும். பாதித் தூரத்துக்கு முன்பே விரிசல் தானாக முனைவரை ஓடினால், அந்த அடுக்கு பரவுவதற்குக் காத்திருக்கிறது என்று பொருள். 26-ஆம் தட்டலில் விரிசல் விழுந்தது என்பதையும் ஒதுக்கிவிட முடியாது. அது தோளிலிருந்து விழும் அடி. அவ்வளவு பலம் தேவைப்பட்டாலும் உடைந்தது அந்த அடுக்குதான்.

ஆகவே குழியின் பயனை நான் மறுக்கவில்லை. நம்மை வாழவைப்பது தட்டல் எண்ணிக்கை என்பதைத்தான் மறுக்கிறேன். குழி காட்டிய அடுக்கமைப்பை நம்புங்கள். அடுக்குகளின் தடிமன் மாறினாலும், அவற்றின் வரிசை ஓரத்திலும் நடுவிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும்.

பனித்தடம் எழுதியது:

தொலைதூரத் தூண்டல் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை. டெப்த் ஹோர் நிறைந்த ஒரு பருவத்தில், 20 பாகைக்கும் குறைவான ஒரு மேட்டில் நாங்கள் நடந்துகொண்டிருந்தபோது காலடியில் 'வூம்ஃப்' என்று பனி அமுங்கியது. ஓரிரு நொடிகளில், எங்களுக்கு மேலே ஒரு பக்கமாக இருந்த செங்குத்தான சாய்வில் கோடு விழுந்து பாளம் இறங்கியது. நாங்கள் அந்தச் சாய்வைத் தொடவே இல்லை.

வெட்டுவிசையால் மட்டுமே பலவீன அடுக்கு உடைகிறது என்று கொண்டால் இதற்கு விளக்கம் சொல்வது கடினம். தட்டையான இடத்தில் பாளத்தைக் கீழ்நோக்கி இழுக்கும் விசை ஏறக்குறைய இல்லை. 2008-ல் ஹையர்லியும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் சயன்ஸ் இதழில் எழுதிய கட்டுரை இந்த இடத்தைத் தெளிவாக்கியது. படிக அடுக்கு நொறுங்கும்போது அதன் தடிமன் குறைகிறது, மேலிருக்கும் பாளம் சிறிதளவு கீழிறங்குகிறது, அவ்வாறு இறங்கும் பாளத்தின் எடையே அடுத்த பகுதியை நொறுக்குகிறது. இந்த அமுக்க அலை சமதளத்திலும் ஓடும். செங்குத்தான சாய்வை அது எட்டும்போது அங்கே பாளம் வழுக்குகிறது. எனவே வடமுகம் அவர்களின் கிண்ணத்தில் இறங்கலாமா என்ற கேள்வியோடு, கிண்ணத்துக்குக் கீழே உள்ள தட்டையான பகுதியைக் கடக்கலாமா என்ற கேள்வியையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

நெடுமுகடு எழுதியது:

தொலைதூரத் தூண்டலை ஒப்புக்கொள்கிறேன். நானும் கண்டிருக்கிறேன். அப்படிப்பட்ட ஒலியைக் கேட்ட நாளில் சோதனைக் குழிக்கு வேலையே இல்லை என்பதிலும் உடன்படுகிறேன். பனி தானே விடையைச் சொல்லிவிட்டது. வடமுகம், நேற்று நடந்து செல்லும்போது அமுங்கும் ஒலி ஏதேனும் கேட்டதா? ஸ்கீ முனையிலிருந்து விரிசல்கள் ஓடினவா?

வடமுகம் எழுதியது:

விரிசல் ஓடவில்லை. காட்டின் எல்லைக்குச் சற்று மேலே, பனி மெலிந்திருந்த ஓர் இடத்தில் ஒருமுறை அமுங்கும் ஒலி கேட்டது. சிறிய ஒலிதான் என்பதால் முதற்பதிவில் அதைக் குறிப்பிடவில்லை.

நெடுமுகடு எழுதியது:

அப்படியானால் என் நிலைப்பாட்டை மாற்றிக்கொள்கிறேன். மெலிந்த இடத்தில் அமுங்கியிருக்கிறது. அடுக்குமானி சொன்ன மெலிந்த புள்ளிகள் கிண்ணத்திலும் இருக்கும். நீள்தூணில் பரவாத விரிசல் அங்கே பரவியிருக்கிறது. இரண்டில் எதை நம்புவது என்று கேட்டால் எனக்குத் தயக்கம் இல்லை.

சாரல் எழுதியது:

அபாய நிலை 3 என்பது ஐந்தில் நடுவில் உள்ள எண். நடுத்தரம் என்று தோன்றுகிறதே? 4-லிருந்து இறங்கியதை முன்னேற்றமாகக் கொள்ளக் கூடாதா?

அடுக்குமானி எழுதியது:

ஐரோப்பாவில் 1993 முதல் பயன்பாட்டில் உள்ள ஐந்துநிலை அளவுகோலில், ஒவ்வொரு படியும் முந்தையதைவிடச் சம அளவில் உயர்வதாக நினைப்பது பெரும்பிழை. ஆபத்து படிக்குப் படி மடங்காகப் பெருகுகிறது. சுவிட்சர்லாந்தின் பனிச்சரிவு மரணங்களில் ஏறக்குறைய பாதி, நிலை 3 அறிவிக்கப்பட்ட நாள்களில் நிகழ்ந்தவை. நிலை 4-ல் கண்முன்னே சரிவுகள் இறங்குவதால் மக்கள் தாமாகவே ஒதுங்குகிறார்கள். நிலை 3-ல் வானம் வெளுத்திருக்கும், பனி அருமையாக இருக்கும், எச்சரிக்கும் அடையாளங்கள் குறைவாக இருக்கும். ஆனால் ஒரே ஒருவரின் எடை போதும் என்ற நிலை தொடரும்.

அந்த எண் ஒரு தனிச் சாய்வுக்கு உரியதுமன்று. நூறு சதுர கிலோமீட்டரோ அதற்கு மேலோ பரந்த ஒரு வட்டாரத்துக்குச் சேர்த்துச் சொல்லப்படுவது. அறிக்கையில் எண்ணைப் படித்துவிட்டு நிறுத்திக்கொள்பவர்கள், அதற்குக் கீழே எந்த உயரம், எந்தத் திசை, எந்த வகைச் சிக்கல் என்று எழுதியிருப்பதைத் தவற விடுகிறார்கள். எனக்கு எண்ணைவிட அந்தப் பத்தி முக்கியம். காற்றுப் பாளத்தால் வந்த நிலை 3-ம், நிலத்தை ஒட்டிய படிகங்களால் வந்த நிலை 3-ம் ஒன்றல்ல. முன்னதைக் கண்ணால் கண்டு விலகிச் செல்லலாம், பின்னது மேற்பரப்பில் எந்தச் சுவடும் காட்டாது.

பனித்தடம் எழுதியது:

இதோடு சேர்த்துச் சொல்லத் தக்கது சுவிஸ் வழிகாட்டி வெர்னர் முன்ட்டர் வகுத்த குறைப்பு முறை. அதன் எளிய வடிவத்தில், நாம் செல்லும் சாய்வு நிலை 2-ல் 40 பாகைக்குக் கீழும், நிலை 3-ல் 35 பாகைக்குக் கீழும், நிலை 4-ல் 30 பாகைக்குக் கீழும் இருக்க வேண்டும். பாகையைக் காலடியில் மட்டும் அளந்தால் போதாது. நிலை 3-ல் முழுச் சாய்வின் செங்குத்தான பகுதியைக் கணக்கில் கொள்ள வேண்டும், நிலை 4-ல் பனி ஓடிவந்து நிற்கும் இடத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். வடமுகத்தின் கிண்ணம் இந்த எளிய விதியிலேயே தேறவில்லை.

பழக்கமான சாய்வு என்று அவர் எழுதியதையும் கவனித்தேன். இயன் மெக்கேமன் அமெரிக்க விபத்துகளை ஆராய்ந்து 2004-ல் எழுதியதில், மக்களை வழிதவற வைக்கும் மனக் குறுக்குவழிகளில் பழக்கத்தையும் ஒன்றாக வைத்தார். முந்தைய ஆண்டுகளில் நாம் இறங்கியது வேறு பனியின்மேல்.

மலைக்காகம் எழுதியது:

எல்லோரும் மிகையாக அஞ்சுகிறீர்கள் என்று தோன்றுகிறது. இன்று காற்றுப்பை பொருத்திய முதுகுப்பை இருக்கிறது, புதைந்தவரைத் தேடிக் கண்டுபிடிக்க உதவும் டிரான்ஸீவர் கருவி இருக்கிறது. ஒருவர்பின் ஒருவராக இறங்கினால் சிக்கியவரை மற்றவர்கள் மீட்டுவிடலாமே?

மீட்புத்துணை எழுதியது:

மீட்புப் பயிற்சி அளிப்பவன் என்ற முறையில் இதற்கு விரிவாகப் பதில் சொல்ல விரும்புகிறேன்.

முழுவதும் புதைந்தவர்களைப் பற்றிய சுவிஸ் தரவுகளை ஆராய்ந்து 1994-ல் நேச்சர் இதழில் வெளியான ஆய்வின்படி, 15 நிமிடத்துக்குள் எடுக்கப்பட்டவர்களில் ஏறக்குறைய 90 சதவீதத்தினர் உயிருடன் இருந்தார்கள். 35 நிமிடத்தில் அது 30 சதவீத அளவுக்கு விழுந்தது. கனடாவின் தரவுகளில் அந்த வீழ்ச்சி இன்னும் முன்னதாகவே தொடங்குகிறது என்று 2011-ல் காட்டினார்கள். வெளியிலிருந்து மீட்புக்குழு வருவதற்குள் இந்த நேரம் கடந்துவிடும். ஆகவே அருகில் நிற்கும் தோழர்கள்தான் மீட்புக்குழு. டிரான்ஸீவர் 457 கிலோஹெர்ட்ஸில் சைகை தந்து இடத்தைக் காட்டும். ஆழத்தை உறுதிப்படுத்துவது, பனிக்குள் குத்திப் பார்க்கும் ப்ரோப் கம்பி. நேரத்தைப் பெரும்பாலும் விழுங்குவது தோண்டும் வேலை. ஓடிவந்து நின்ற பனி உடனே இறுகிவிடும். கையால் பறிக்க முடியாது, பிளாஸ்டிக் மண்வாரியும் உடையும். இடையில் ஒரு சிறு குறிப்பு: கைப்பேசியையும் கேமராவையும் டிரான்ஸீவருக்கு அருகில் வைக்காதீர்கள், சைகை அனுப்பும்போது 20 செ.மீ., தேடும்போது 50 செ.மீ. இடைவெளியாவது வேண்டும்.

காற்றுப்பை பயனுள்ளதுதான். 2014-ல் வெளிவந்த பன்னாட்டு ஆய்வில், கடுமையாகச் சிக்கியவர்களிடையே இறப்பு விகிதம் 22 சதவீதத்திலிருந்து, பை விரிந்தவர்களிடம் 11 சதவீதமாகக் குறைந்தது. பாதியாகக் குறைந்தது என்பது உண்மை. ஒன்பதில் ஒருவர் அப்போதும் இறந்தார் என்பதும் அதே அளவு உண்மை. மேலும் அந்தப் பை, இழுக்கும் பிடியைச் சிக்கியவர் இழுத்தால்தான் விரியும்.

உங்கள் நிலைமைக்கே வருவோம். 100 மீட்டர் அகலம், 50 மீட்டர் நீளம், 60 செ.மீ. தடிமன் உள்ள பாளத்தைக் கணக்கிடுங்கள். கன மீட்டருக்கு 250 கிலோ என்று வைத்தால் 750 டன். நிலம் வரை உடையும் சரிவு என்பதால் பாறைகள் வெளியே தெரியும் தரையில் அது உங்களை இழுத்துச் செல்லும். கனடாவில் பனிச்சரிவு மரணங்களை ஆராய்ந்தபோது, ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு மூச்சடைப்பால் அல்லாமல் அடிபட்ட காயங்களால் நேர்ந்தவை என்று தெரியவந்தது. மரத்தில் மோதியவருக்கு டிரான்ஸீவரால் பயன் இல்லை. ஒருவர்பின் ஒருவராகச் செல்வது கட்டாயம். அது சிக்குபவர் எண்ணிக்கையைக் குறைக்கும், சாய்வை வலுப்படுத்தாது.

அடுக்குமானி எழுதியது:

நீடிக்கும் அடுக்கு எவ்வளவு காலம் நீடிக்கும் என்ற சாரல் அவர்களின் கேள்விக்கு மெய்யான ஒரு நிகழ்வைச் சேர்க்கிறேன். கனடாவின் ரோஜர்ஸ் கணவாய்ப் பகுதியில், கன்னாட் ஓடைப் பள்ளத்தாக்கில் 2003 பிப்ரவரி 1 அன்று ஸ்கீயில் சென்றுகொண்டிருந்த 17 பேர் கொண்ட பள்ளிக் குழுவின்மீது பனிச்சரிவு இறங்கியது. ஏழு மாணவர்கள் இறந்தார்கள். அந்தச் சரிவு உடைந்த பலவீன அடுக்கு, முந்தைய நவம்பரில் உருவான பொருக்கோடு சேர்ந்தது. இரண்டு மாதங்களுக்கு மேல் அது பனிக்குள் கிடந்தது. அவர்கள் செங்குத்தான சாய்வில் ஏறவில்லை. பள்ளத்தாக்கின் அடியில் நடந்துகொண்டிருந்தார்கள். சரிவு மேலே தானாகவே தொடங்கி அவர்களை வந்தடைந்தது.

அந்த நிகழ்வுக்குப் பிறகு, நிலப்பரப்பையே தரம்பிரிக்கும் அளவுகோலை 2004-ல் கனடாவின் தேசியப் பூங்கா நிர்வாகம் கொண்டுவந்தது. எளியது, சவாலானது, சிக்கலானது என்ற அதன் முதல் வடிவத்தின் மூன்று பிரிவுகள், அன்றைய பனி எப்படி இருந்தாலும் மாறாத ஒன்றைக் கேட்டன: இந்த வழி எத்தனை சரிவுப் பாதைகளுக்குக் குறுக்கே போகிறது, விலகிச் செல்ல இடம் உண்டா, விழுந்தால் எங்கே போய்ச் சேருவோம். பனியைக் கணிப்பதில் பிழை நேரலாம். சாய்வுமானி காட்டும் பாகையில் பிழை நேர்வது அரிது. நீடிக்கும் பலவீன அடுக்கு உள்ள பருவத்தில் நான் முழுக்க நிலப்பரப்பின் பக்கமே சாய்வதற்கு இதுதான் அடிப்படை.

சாரல் எழுதியது:

வசந்தத்தில் பனி ஈரமாகும்போது இந்தப் படிகங்கள் என்ன ஆகும்?

பனித்தடம் எழுதியது:

அது தனி இழைக்கு உரியது. சுருக்கமாகச் சொன்னால், இரவில் உறையாத நாள்கள் தொடரும்போது உருகுநீர் கீழிறங்கி, படிகங்களின் எஞ்சிய பிணைப்பையும் கரைக்கிறது; அப்போது பருவம் முழுவதும் அசையாதிருந்த சாய்வு நிலம் வரை இறங்கக்கூடும். பின்னர் உருகலும் உறைதலும் மாறி மாறி நடந்து, படிகங்கள் உருண்டு ஒன்றாகி, சிக்கல் தீர்கிறது. இரவில் மேற்பரப்பு கெட்டியாக உறைந்ததா என்று அதிகாலையில் பார்த்துவிட்டே புறப்பட வேண்டும்.

வடமுகம் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. குழுவில் பேசினோம். கிண்ணத்தை இந்தப் பருவத்துக்கு விட்டுவிடுகிறோம். அதற்கு மாற்றாக, அதே மலையின் மேற்குத் தோளில் உள்ள அகலமான முகட்டு வழியை எடுத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறோம். வரைபடத்தின் சாய்வு நிறப்படுத்தலில் அது முழுவதும் 27 பாகைக்குள் காட்டுகிறது. காற்று அங்கே பனியை வாரிக்கொண்டு போயிருப்பதால் ஸ்கீ செய்ய அவ்வளவு இனிமையாக இராது, ஆனாலும் பரவாயில்லை. இதில் நாங்கள் கவனிக்காமல் விட்டது ஏதேனும் இருக்கிறதா?

அடுக்குமானி எழுதியது:

நல்ல தேர்வு. மூன்று இடங்களைச் சரிபாருங்கள்.

நிறப்படுத்தலின் அடிப்படைத் தரவு எவ்வளவு நுண்மையானது என்று பாருங்கள். 30 மீட்டர் கட்டங்களால் ஆன உயரத் தரவாக இருந்தால், 15 மீட்டர் நீளமுள்ள 38 பாகைத் திட்டு அதில் கரைந்து 27 ஆகத் தெரியும். நிலத்தில் சாய்வுமானியை வைத்து அளந்துகொண்டே செல்லுங்கள்.

முகட்டின் கிழக்கு விளிம்பில் மேற்குக் காற்று கார்னிஸை (விளிம்புக்கு வெளியே தொங்கும் பனி) வளர்த்திருக்கும். அது எண்ணியதைவிடப் பின்னால் உடையும். முகட்டுக் கோட்டிலிருந்து மேற்குப் பக்கமாகவே இருங்கள். அதோடு, காற்று வாரிய முகட்டில் பனி மெலிந்திருப்பதால் அங்கே படிகங்கள் இன்னும் வளர்ந்திருக்க வாய்ப்புண்டு. 27 பாகையில் அது உங்களைச் சரிய வைக்காது. ஆனால் பனித்தடம் சொன்ன அமுக்க அலையைக் கிழக்குப் பக்கக் கிண்ணத்துக்கு அனுப்பக்கூடும். கிண்ணத்தின் கீழே அன்று வேறு யாராவது இருக்கிறார்களா என்று விளிம்பை நெருங்குவதற்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, முகட்டுக்கு ஏறிச் செல்லும் அணுகுவழி. நீங்கள் அமுங்கும் ஒலியைக் கேட்ட காட்டெல்லைக்கு மேலே உள்ள பகுதியைக் கடந்துதானே போக வேண்டும்? அங்கிருந்து மேலே நிமிர்ந்து பார்த்து, சரிவு தொடங்கக்கூடிய மிக உயர்ந்த இடத்துக்கு உள்ள கோணத்தை அளந்து பாருங்கள். பெரிய சரிவுகள் 20 பாகைக்கு அருகே, சில வேளைகளில் அதற்கும் கீழே வரை ஓடிவந்து நிற்கின்றன. 25 பாகைக்கு மேல் காட்டினால் நீங்கள் ஓடுபாதைக்குள் நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு காட்டின் உட்புறமாக வழியை மாற்றுங்கள்.

வடமுகம் எழுதியது:

அணுகுவழியை நாங்கள் கணக்கில் கொள்ளவில்லை. வரைபடத்தில் இப்போது அளந்து பார்த்தால் அந்த இடத்திலிருந்து கிண்ணத்தின் மேல்விளிம்புக்கு 28 பாகை வருகிறது. காட்டுக்குள் சற்றுத் தெற்கே ஒரு பழைய வண்டித்தடம் முகட்டின் அடிவரை போகிறது. ஒரு மணி நேரம் கூடும். அதன் வழியே போகிறோம். வழியில் காண்பவற்றை இங்கே பதிகிறேன்.